லெக் ஸ்டம்புக்கு வெளியே

டூங்காபி பூங்கா. ஞாயிறு, பகல் இரண்டு மணி.
ஆடுவது எங்கள் அணி என்பதால்
நடுவரும் எங்கள் ஆள்தான்.
பதினோராவதாய் இறங்குகிற எனக்கு
வெள்ளைத் தொப்பியும் ஆறு காசும்.

பந்து ட்ரெவரிடம். குழாய் வேலைக்காரர்.
ஐம்பத்தெட்டு வயதிலும் அந்த மணிக்கட்டு
இறுகின திருகைத் திறப்பதுபோல் திரும்பும்.
எதிரே குகதாசன். எங்கள் கேப்டன்,
கிடங்கில் எனக்கு ஷிஃப்ட் போடுகிறவன்,
இன்றைக்கும் காரில் என்னை ஏற்றி வந்தவன்.

நாலாவது பந்து
காற்றில் சற்று நின்று, யோசித்து, விழுந்து,
வெட்டித் திரும்பி
நடு ஸ்டம்புக்கு நேரே
கால்காப்பில் 'டப்' என்றது.
பதினொரு தொண்டை, ஒரே கேள்வி.

கால் மட்டும் அங்கே இல்லாவிட்டால்
நடு ஸ்டம்ப் பெயர்ந்திருக்கும். சத்தியமாய்.
ஆனால் விழுந்தது லெக் ஸ்டம்புக்கு வெளியே,
இரண்டு விரல்.
அங்கே விழுந்தால் எங்கே போனாலும் அவுட் இல்லை.
மட்டைக்காரனின் குருட்டுப் பக்கத்துக்குச்
சட்டம் போட்ட வேலி.
நியாயமா என்றால், தெரியாது.
வேலி இல்லையென்றால் எல்லாரும்
காலுக்குப் பின்னால்தான் எறிவார்கள்.
இருப்பதால் ட்ரெவர் போன்றவர்கள்
வாழ்நாள் முழுக்க அதில் விரல் கிழித்துக்கொள்கிறார்கள்.

மற்ற அவுட் எல்லாம் நடந்ததற்கு.
பிடித்தார்கள், பெயர்ந்தது, ஓடி முடியவில்லை.
இது ஒன்றுதான் நடக்காததற்கு.
போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று
ஒருவன் நின்று சொல்லவேண்டும்.

என்னையும் ஒருமுறை கேட்டார்கள்,
நகரத்தில், ஒன்பதாம் மாடியில்:
திரும்பிப் போனால் உமக்கு என்ன ஆகும்?
சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சுருக்கிச் சொன்னார்.
சந்தேகத்தின் பலன் மட்டைக்காரனுக்கு என்பதை
அந்த அறையில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது.
தலையசைத்தேன்: இல்லை.

ஸ்லிப்பில் ஒருத்தன் சிரித்தான்.
குகதாசன் கண்ணடித்தான், "தாங்ஸ் மச்சான்."
எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.
சரியாய்ச் சொன்ன ஒரு சொல்
லஞ்சமாய் அவன் கையில் கிடந்தது.
செயற்கைப் புல் வேறு. தடம் விழாது.
காட்ட ஒன்றுமில்லை.

ட்ரெவர் பந்தைத் துடைத்தபடி கிட்ட வந்தார்.
"எங்கே விழுந்தது?"
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.
கொஞ்சநேரம் அந்த விரல்களையே பார்த்தார்.
"கேடுகெட்ட சட்டம்," என்றார்.
பிறகு, போகிற போக்கில்,
"நல்லாத்தான் பார்த்திருக்கிறாய்."

நாலாவது காசை
இடப் பையிலிருந்து வலப் பைக்கு மாற்றினேன்.
இன்னும் இரண்டு பந்து.