பதினோரு டிகிரி

கொழிஞ்சாம்பாறைத் தென்னைகள்
கிழக்கே சாய்ந்திருக்கும் கோணம்
பதினோரு டிகிரி.
பள்ளிக்கூடத்துக் கோணமானியால் அளந்தேன், நாற்பத்திரண்டு மரம்.
பாதியில் ஒரு நாய் துரத்தியது;
அதையும் அறிக்கையில் எழுதினேன்.

கணவாய்க் காற்று மரத்துக்குச் செய்ததை
எழுத்துக்குச் செய்து பார்ப்பது.
அவ்வளவுதான் என் இறுதியாண்டு வேலை.

ஜூரி நாளில்
ரிஸ்வானின் பனங்கொட்டை விளக்கில் எறும்பு.
பியூலா தைத்த யானைத்தோல் மடிப்பு மழைக்கோட்டை
ஆளாளுக்குப் போட்டுப் பார்த்தார்கள்.
என் பலகைகளின் முன் கேட்டார்கள்:
ஏன் எல்லாம் சாய்ந்திருக்கிறது?
காற்று, என்றேன்.
ஜன்னல்கள் மூடியிருந்தன. ஏசி ஓடியது.
பி பிளஸ்.

மீந்த பலகை ஒன்றை
பஸ் கண்டக்டர் சுனில் வாங்கிப்போய்
பழையதன் மேலேயே கம்பியால் கட்டினார்.
கொழிஞ்சாம்பாறை:
மேலே மலையாளம், கீழே தமிழ்,
இரண்டு ழ-வும் ஒரே பக்கம் சாய்ந்து.

மறுநாள் வேலந்தாவளத்தில் காத்து நின்றேன்.
தீவனச் சாக்கோடு ஒருவர்
கண்ணைச் சுருக்கி வாசித்தார்,
எழுத்தை அல்ல, ஊரை.
ஏறினார்.
சாக்குக்கும் டிக்கெட் உண்டா என்று
உள்ளே சண்டை தொடங்கிவிட்டது.