இரவல் காற்று

எடுத்துக்கொண்டு போ, யுனெய்சி.
பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு என்றாய்,
பிறகு எதற்கு வாசலிலேயே தயங்கி நிற்கிறாய்.
தூக்கும்போது மோட்டாருக்கு அடியில் கை கொடு.
இறக்கையைப் பிடித்துத் தூக்காதே,
வெட்டிய அலுமினியத் தகடு, ஓரம் இன்னும் மழுங்கவில்லை.

இது கடையில் வாங்கிய ஃபேன் அல்ல.
சோவியத் வாஷிங் மெஷின் ஒன்று செத்தபோது
அதன் மோட்டாரை மட்டும் கழற்றி
இஸ்திரி மேசையின் காலில் முடுக்கினான்
என் முன்னாள் புருஷன்.
முன்னால் போடும் கூண்டு ஹவானாவில் கிடைக்கும் என்று போனான்.
ஹவானாவோடு நிற்காமல் மயாமி போய்விட்டான்.
கூண்டு இன்னும் வரவில்லை.

சுவிட்ச் கிடையாது.
செருகினால் முனகும், சுற்றாது.
இந்தப் பென்சிலால் (பென்சிலையும் நீயே வைத்துக்கொள்)
ஒரு தட்டு.
அப்புறம் சாந்தியாகோவின் மொத்தக் காற்றும் உன் வீட்டில்.

நிறுத்துவதில்தான் இருக்கிறது எல்லாம்.
ஒயரை இழுக்காதே, ஒயருக்கு என்னைவிட வயது அதிகம்.
பிளக்கின் தலையைப் பிடி.
பால்புட்டி கழுவிய கை என்றால் முதலில் பாவாடையில் துடை.
பிடுங்கியதும் நின்றுவிடும் என்று எண்ணாதே.
முதலில் வெறும் புகை மாதிரி இருக்கும்,
பிறகு பின்பக்கமாய்ச் சுற்றுவதுபோல் ஏமாற்றும்,
ரொம்ப நேரம் கழித்துத்தான்
தனக்கு மூன்றே இறக்கை என்று ஒப்புக்கொள்ளும்.
ஒன்றில் நகப்பூச்சு தடவியிருக்கிறேன், சிவப்பு.
அந்தச் சிவப்பு அசையாமல் உன்னைப் பார்க்கும்வரை
கொசுவலையைக்கூட அந்தப் பக்கம் நகர்த்தாதே.
கீழ்வீட்டு ரிகோபெர்த்தோ
துடைப்பக் கட்டையைக் கொடுத்து நிறுத்தப் பார்த்தான்.
கட்டையில் பாதி எதிர்வீட்டு அவரை சூப்பில் கிடந்தது.

ராத்திரியில் இது நடக்கும், பயப்படாதே.
அதிர்ந்து அதிர்ந்து தொட்டில் பக்கம் போகும்.
காலடியில் ஒரு செங்கல் வை.

விரலைப் பார்க்கிறாய்.
ஓடும்போது பட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.
நின்றிருந்தபோது, யுனெய்சி.
கரண்ட் போய் ஆறு மணி நேரம்.
என் தலைமுடி, பஞ்சு, ரொட்டிக்கூடத்து மாவு எல்லாம்
இறக்கையில் அப்பியிருந்தது.
மெழுகுவத்தி வைத்து, துணியை நனைத்துத் துடைத்தேன்.
பிளக் சுவரில்தான் இருந்தது.
இருந்தால் என்ன,
தள்ளாமல் கிளம்பாத சோம்பேறிதானே.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் வந்தது.
தள்ளிவிட்டது என் கைதான்.

தெருவே “வந்துருச்சு!” என்று கத்தியது.
சட்டி தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள்.
நானும் கத்தினேன்.
என் சத்தத்தை யாரும் தனியாகப் பிரித்துக் கேட்கவில்லை.
மாடியில் ஒருத்தி, பார், இதால்மிஸுக்குத்தான்
எவ்வளவு சந்தோஷம் என்று சிரித்தாள்.

ஓடும்போது இதற்கு எல்லோரும் பயப்படுகிறோம்.
அது சரி. ஆனால் இருட்டில்,
பொம்மை மாதிரி நிற்கிறதே, அப்போது பயப்படு.
போ, பிள்ளை அழுகிறது.

•

ஞாயிறு. எனக்கு வேலை இல்லாத ராத்திரி.
மாவுப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
விசிறிக்கொண்டு படுத்திருக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் ரீங்காரம் இறங்கி, இறங்கி,
நின்றது.
தெருவில் ஒரு பெருமூச்சு, ஒரு கெட்ட வார்த்தை.

பிள்ளை சிணுங்கும் முன்பே கேட்டேன்,
வெறுங்காலில் இரண்டு எட்டு,
பிறகு பிளக் சுவரைவிட்டுக் கழன்று வரும் சத்தம்,
சின்னது, பால்பல் விழுவதுபோல்.

விசிறிய கையை மாற்றிக்கொண்டேன்.