ஓரத்தில், பென்சிலால்

ஒட்டுசுட்டான் காணிக் கந்தோரில்
சொற்களை மாற்றுவது என் வேலை.
வல்லிபுரம் நாகபூரணியின் வாக்குமூலத்தைப்
போன மாதம் இங்கிலீசுக்கு மாற்றிக் கொடுத்தேன்.
இன்று திரும்பி வந்திருக்கிறது.
ஓரத்தில், பென்சிலால், ஒரே சொல்:
ட்ரிவல்.
கையெழுத்து அழகு.
கடைசி எழுத்தின் வால்
அவளுடைய மூன்றாம் பந்திவரை நீண்டிருந்தது.

மறுப்புக் கடிதம் தமிழில் போகவேண்டும்,
காரணத்தோடு.

உளறல் என்று போடலாம்.
காய்ச்சல்காரனும் உளறுவான்; இவளுக்குக் காய்ச்சல் இல்லை.
அலட்டல்?
அது மீன் விலைக்கும் நடக்கும்.
பேய்க்கதை என்றால்
கேட்டவனோடு சொன்னவனும் சேர்ந்து சிரிப்பான்.
விசர்க்கதையோ
என் மனைவி எனக்கு நாளுக்கு மூன்று தரம் சொல்வது,
சோறு போட்டுக்கொண்டே.
எங்கள் சொற்களுக்கு
எதிரே ஓர் ஆள் இருக்கவேண்டும்.
ஓரத்தில் எழுதிவிட்டு எழும்பிப் போக
ஒன்றும் அகப்படவில்லை.

அவள் சொன்னது இவ்வளவுதான்:
வடக்கே பாலைமரம், இப்ப இல்லை.
கிழக்கே டோசர் போன தடம்.
மேற்கே கதிரித்தம்பியின் கிணறு, மூடியாச்சு.
தெற்கே
தவளைச் சத்தம் நிக்கிற இடம்.

நான்தான் அதை ஓரெழுத்தும் குறையாமல் மாற்றினேன்.
குளத்து அலைகரை என்று திருத்தியிருந்தால்
பென்சிலுக்கு வேலை வந்திராது.

மத்தியானம் தடித்த அகராதியை இறக்கினேன்.
அட்டையைக் கரையான் தின்றிருந்தது.
அர்த்தமற்ற பேச்சு, என்றது.
அதன்கீழே, பொடி எழுத்தில், பழைய பொருள்:
குழந்தையின் வாயிலிருந்து வழியும் நீர்.

வீணீர்!
அதற்குள் ஒரு வீண் இருக்கிறது,
நான் வைத்ததல்ல.

"தங்கள் கூற்று வீணீர் என மேலிடம் கருதுவதால்"
தட்டச்சிட்டேன், அழித்தேன்,
திரும்பவும் அதையே தட்டி
அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை வந்தாள்.
சைக்கிள் கரியலில் மண்வெட்டி.
என் வயதுதான் இருக்கும்.
கடிதத்தை மேசையில் விரித்து,
நாலாம் வரியில் விரல் வைத்து,
"இது, பிள்ளையளுக்கு வடியிறதுதானே?"

"ஓம்."

"வடிஞ்சா, பல்லு வரப்போகுதெண்டு அர்த்தம்.
உங்கட மேலிடத்துக்குப் பிள்ளையள் இல்லையே?"

பக்கத்து மேசைப் பியோன் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேன்முறையீட்டுப் படிவம் கேட்டாள். கொடுத்தேன்.
நிரப்பப் பென்சில் கேட்டாள்.
பேனை கொடுத்தேன்.
வடக்கு, கிழக்கு, மேற்கு
விறுவிறென்று போனது.
தெற்கில் நிறுத்தினாள்.

"தவளை எண்டு போடவோ, சத்தம் எண்டு போடவோ?"

"ரெண்டையும் போடுங்கோ."

போட்டாள்.
அழுத்திப் போட்டதில் கீழ்த்தாளிலும் பதிந்தது.
படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு,
"அளக்கிறதெண்டால் மாரியில வரச்சொல்லுங்கோ," என்றாள்,
"கோடையில
தெற்கு இருக்காது."