காலுக்கும் ஒரு ரிக்கற்

நாள் குறித்துத் தந்தது அவர்கள்தான்:
பதினேழாம் திகதி, வியாழன், ஒன்பது மணி,
பழைய காலையும் கொண்டு வரவும்.
துண்டை வாசித்த அன்பிசை
"அப்பா, அண்டைக்கு என்ர பிறந்தநாள்" என்றாள்.

ஆகவே எல்லோரும் வவுனியாவுக்கு.

நெடுங்கேணியில் விடிய ஐந்தே முக்கால் பஸ்.
சுகிர்தா புட்டும் சம்பலும் கட்டினாள்,
ஆதிரனுக்கு மாற்றுக் காற்சட்டை எடுத்தாள்,
"சாரம் வேண்டாம், ஜீன்ஸ் போடுங்கோ,
ரவுணில ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.
தெரியும் என்று நான் சொல்லவில்லை.
எந்தக் காலை முதலில் படியில் வைப்பேன் என்பது
கொண்டக்ரருக்கே பாடம்.

எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.
இது பிறந்தநாள் கவிதை.

ஓமந்தையில்
கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.
ஒருவரும் மறிக்கவில்லை. மறித்துப் பல வருசம்.
அடையாள அட்டை சும்மா அங்கேயே கிடந்தது.
அன்பிசை யன்னலோரம் எண்ணிக்கொண்டு வந்தாள்:
மயில் பதினொன்று, குரங்கு நாலு,
"சைக்கிளில ஒரு ஆமிக்காரன்,
அவரையும் எண்ணுறதோ அப்பா?"

கால் செய்யும் இடத்தில்
சுவரில் சாய்ந்தபடி கால்கள்,
பஸ்ஸைத் தவறவிட்ட ஆட்கள் போல.
ஆதிரன் ஒன்றைத் தட்டிப் பார்த்தான்.
வெறுங்குடத்துச் சத்தம்.
எல்லாம் ஒரே மண்ணிறம்,
"அப்பா இதைவிடக் கறுப்பு" என்று
முறையிட்டான்.
இரண்டு கம்பிகளுக்கு நடுவே நான் நடக்க
வெளியே என் அளவுக்கு அடி வைத்து
அவளும் நடந்தாள்,
திரும்பும் இடத்தில் திரும்பினாள்,
நான் பல்லைக் கடித்த இடத்தில்
அவளும் பல்லைக் கடித்தாள்.

செய்தவர் உள்விளிம்பில் மார்க்கரால்
அன்றைய திகதியை எழுதினார்.
"அப்ப இதுக்கும் இண்டைக்குத்தானே" என்றாள்.
ஓம், உன்னைவிட ஒன்பது வயது இளையது.

பிறகு ரவுண்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
பச்சை விளக்கு முடியுமுன் கடக்கவேண்டும்.
சுகிர்தா கையைப் பிடிக்கவில்லை,
பிடிக்கக்கூடிய தூரத்தில் வந்தாள்.
நாலு ஐஸ்கிறீம், ஒரு ஊதாச் சட்டை,
ஆதிரன் கேட்டது விமானம், கிடைத்தது பலூன்.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் கேக்.

கேக் கடையில் நின்ற பொடியன் சிங்களம்.
"தங்கச்சி, பேர் எழுதித் தாங்கோ,
நான் பாத்துக் கீறுறன்."
கால் ரசீதின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள்.
நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு
கோலத்தைப் பார்த்துப் போடுபவன் போல
ஒவ்வொரு வளைவாகப் போய்
அவன் நிமிர்ந்தபோது
வெள்ளைக் கிறீமின் மேலே: அனபிசை.

"அண்ணா, குத்து."
அவன் ரசீதைப் பார்த்தான், கேக்கைப் பார்த்தான்,
தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.
கிறீம் பையை அவள் கையிலேயே கொடுத்தான்.
அவள் வைத்த புள்ளி
எழுத்தைவிடப் பெரிதாய்ப் போனது.
அழிக்கவேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம்,
அவன் தன் மொழியில் சொன்னான்.

கடைசி பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
யாரோ எழும்பி இருக்கை தந்தார்,
ஜீன்ஸ் ஒன்றையும் மறைக்கவில்லை.
என் முழங்காலருகே யூரியாப் பையில் பழைய கால்.
அதை வீசுவதில்லை, பழசு வயலுக்கு, புதுசு ரவுணுக்கு.

"உரமோ?" என்றார் கொண்டக்ரர்.
"கால்" என்றேன்.
ஒரு கணம் ரிக்கற் மெசினைப் பார்த்தபடி நின்றார்.
அன்பிசை நியாயமாகக் கேட்டாள்:
"அதுக்கு அரை ரிக்கற்றோ, முழுசோ?"
"எத்தினை வயசு?"
"எட்டு."
"அப்ப அரைதான்" என்று கிழித்து
காசு வாங்காமல் அவள் கையில் கொடுத்தார்.

புளியங்குளத்துத் திருப்பத்தில் பஸ் சாய
கேக் பெட்டி சுகிர்தாவின் மடியில் வழுக்கியது.
புதுக்கால் கடித்துக்கொண்டே இருந்தது, நான் சொல்லவில்லை.
அன்பிசை நித்திரை.
ஒரு கையில் ரிக்கற்.
மற்றக் கை, விழாமல்,
யூரியாப் பையின் கழுத்தில்.