உம்லைட்டுங்

ஒற்றைத் தண்டவாளத்தில் தொங்கிப்போகும் ரயில்
அன்று வுப்பர் ஆற்றின் மேல் இரண்டாய்ப் போனது,
ஒன்றின் தோளில் ஒன்று.
பஸ்ஸைத் தரிப்பிடத்தில் ஒதுக்கிக்
கதவுகளைத் திறந்துவிட்டேன்.
முப்பத்தொரு பேர். ஒருவரும் இறங்கவில்லை.
கண்ணாடியில் என் இடது இமை
கடை பூட்டுகிற நேரத்து ஷட்டர்போலப்
பாதியில் நின்றது.

டொக்டர் கெஸ்ட்னர் சில்லுக் கதிரையில் உருண்டு வந்தா.
கண்ணுக்குப் பின்னால் நாடி வளைகிற இடத்தில்
சுவர் நைந்து ஒரு பை.
பதினான்கு மில்லிமீட்டர்.
வாய் அகலம், சுருள் போட்டு அடைத்தால் வழுகி வெளியே வரும்.
"தலையைத் திறந்து கிளிப் போடலாமோ?"
இரவிரவாய்ப் படித்துவிட்டு வந்த சிவரூபன் கேட்டார்.
எலும்புக்குக் கிட்ட, கை போகாது என்றா.

"பையைத் தொடப்போவதில்லை.
அதன் வாசலைக் கடந்துபோகிற குழாய்க்குள்
நாற்பத்தெட்டுக் கம்பியிழை பின்னிய வலை ஒன்று.
ரத்தம் நேரே போகப் பழகும். பைக்கு..."
சொல் தேடினா.
"உம்லைட்டுங்" என்றேன்.
பதினொரு வருஷம் பஸ் ஓட்டியவளுக்கு
அந்த மஞ்சள் பலகையை யார் விளக்க வேண்டும்?

போன மாரியில்
கெர்பர் தெருவில் காஸ் குழாய் மாற்றத் தொடங்கினார்கள்.
எங்களை மேல்தெருவால் அனுப்பினார்கள்.
கெர்பர் தெருவில் ஒரு வீட்டையும் இடிக்கவில்லை.
முதலில் பாண்கடையில் சனம் குறைந்தது.
திறப்பு வெட்டுகிறவர் பின்னேரங்களில் மட்டும் திறந்தார்.
பிறகு கண்ணாடியில் 'வாடகைக்கு' என்று ஒட்டினார்.
அவருக்காக நான் கவலைப்பட்டிருக்கிறேன்.
இப்போது என் தலைக்குள்
அதே மாதிரி ஒரு தெரு சாகவேண்டும் என்று
கையெழுத்து வைக்கிறேன்.

நூற்றில் நாலைந்து பேருக்குப் பாரிசவாதம் வரலாம் என்றிருந்தது தாளில்.
அந்த நாலைந்து பேரும்
என் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில்
முகம் காட்டாமல் இருந்தார்கள்.

கவட்டு நாடியால் நுழைந்தார்களாம்.
எனக்குத் தெரிந்தது பிறகுதான்:
ஆறு மணித்தியாலம் வலது காலை மடக்கக்கூடாது.
அரை மணிக்கொருதரம் ஒரு தாதி வந்து
கையை இறுக்கு, பல்லைக் காட்டு,
இது என்ன மாதம் என்பாள்.
"சித்திரை" என்றேன்.
அவள் முகம் வெளுத்து மணியை எட்டினாள்.
"ஏப்ரல், ஏப்ரல்!" என்று கத்தினேன்.

அதன்பிறகு இரண்டு குளிசை.
வலையில் ரத்தம் உறையக்கூடாது,
பையில் உறையவேண்டும்.
ஒரே ரத்தத்திடம் இரண்டு விண்ணப்பம்.
வெங்காயம் வெட்டிய விரல்
மூன்று துணி நனைத்தது.
எங்கே இடித்தேன் என்று தெரியாமல்
முழங்கையில், தொடையில் நாவல்பழ நிறத்தில் கண்டல்.
ஓட்ட விடவில்லை.
டிப்போவில் தொலைந்த பொருள் மேசை தந்தார்கள்:
குடைகள், ஒற்றைச் சப்பாத்து,
ஒருமுறை ஒரு பல்செட்.

ஆறாம் மாதம் படம் எடுத்தார்கள்.
குழாய் ஒழுங்காக இருந்தது.
பையின் ஓரத்தில் மட்டும்
நகம் வெட்டிப் போட்டதுபோல் ஒரு கறுப்பு.
"இன்னும் கொஞ்சம் போய்வருகிறது" என்றா கெஸ்ட்னர்.
"பொறுப்போம். வலை தன் வேலையைச் செய்யும்."
லிஃப்டில் சிவரூபன் கதைக்கவில்லை.
பொத்தான்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம், பயணிகளாக.
மஞ்சள் பலகை இன்னும் அப்படியே.
மேல்தெருவுக்குத் திரும்புகிற மூலையில்
கீழே கெர்பர் தெரு தெரிந்தது:
கம்பி வேலி, தோண்டிய மண், பூட்டிய திறப்புக்கடை.
பாண்கடையில் மட்டும் வெளிச்சம்.
பலகைப் பாலத்தால் ஒரு கிழவர்
கடதாசிப் பையோடு வெளியே வந்தார்.

எனக்கு அந்த மனிசனில் கோபம் வந்தது.
வேறு கடைக்குப் போனால் என்ன?

பஸ் திரும்பிவிட்டது.
ஜன்னலில் என் முகம்,
இரண்டு இமையும் திறந்தபடி.
பை நிறையப் பாண் வாங்கியிருந்தார்.