வரி

லான்ஜோவில் எங்கள் நிலநடுக்க ஆய்வகத்தின்
நிதி விண்ணப்பத்தில்
நியே ஹான்சியூவின் சம்பளம்
ஏழாம் பக்கத்தில் இருக்கிறது,
அச்சுப்பொறி மைக்குக் கீழே,
'இதரச் செலவு' என்ற வரியில்.
அறிவியலின் வரலாறு படித்தவள்.
நமக்கு எதற்கு என்று
கேட்டவர்களில் நானும் ஒருவன்.

என்னிடம் நாற்பது அதிர்வுமானிகள் இருந்தன.
லாரி போனாலும் எழுதிக்கொள்ளும் கருவிகள்.
அவை பேசக் கற்று இருபத்தாறு ஆண்டுகள்.
தாவ்ஷுய் பிளவோ
சில நூற்றாண்டுக்கு ஒருமுறை வாய் திறப்பது.
'உறங்கும் பிளவு' என்று வரைபடத்தில்
சாம்பல் நிறம் பூசியிருந்தேன்.
சாம்பலின் மேல்
ஒரு பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள்.

அவள் கொண்டுவந்ததில் நிலநடுக்கமே இல்லை.
மாவட்டப் பதிவேட்டின் நகல், பூச்சி தின்ற ஓரம்.
"அந்த இலையுதிர் காலம், வடகரை எட்டு ஊர்களுக்குத்
தானிய வரி தள்ளுபடி.
கோயில் மணி மீண்டும் வார்க்கப்பட்டது."
அவ்வளவுதான்.
பஞ்சமாக இருக்கும் என்றேன்.
"பஞ்சத்தில் மணி உடையுமா?"
வெள்ளம்?
"தென்கரைதான் தாழ்வு.
வெள்ளத்துக்கு மேட்டின் மேல் என்ன கோபம்?"

பிறகு, என் கணினிக்குப் புரியாத ஒரு வேலை:
அந்த எழுத்தரைப் படிக்கத் தொடங்கினாள்.
பேரரசரின் கோல் கோணினால்
மண் அதிரும் என்று நம்பிய காலம்.
அதிர்ந்தது என்று எழுதினால்
யார் தலை உருளும் என்று அறிந்தவர்.
அவருடைய முப்பது ஆண்டுப் பதிவில்
மழை உண்டு, வெட்டுக்கிளி உண்டு,
இரட்டைக் கதிர் விட்ட கோதுமைகூட உண்டு.
நடுக்கம் என்ற சொல் மட்டும் இல்லை.
"உன் மானிகளுக்குப் பிழைதிருத்தம் போடுகிறாய் அல்லவா,
இவருக்கும் போடு," என்றாள்.
"கையின் நடுக்கத்தைக் கழித்தால்
நிலத்தின் நடுக்கம் மிஞ்சும்."

என் பட்டியலிலும் கை வைத்தாள்.
நான் பெருமையோடு வைத்திருந்த
ஒரு பெரிய நிலநடுக்கத்தை அடித்துவிட்டாள்:
ஒரே பெயரில் இரண்டு ஊர்கள்,
நூறாண்டு பிந்தி நகலெடுத்தவரின் தூக்கக் கலக்கம்.
என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்
அதன் மேல்தான் நின்றது.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மார்ச்சில் குழி வெட்டினோம்.
மா ஷிலியாங் மண்வாரியை நிறுத்திவிட்டு,
சிவப்பு இலந்தையும் கற்கண்டும் மிதக்கும் தேநீரை
உறிஞ்சியபடி கேட்டார்:
"இந்த மஞ்சள் மண்ணுக்குள்ள என்னதான் தேடுறீங்க?"
ஒரு வரி, என்றேன்.
நான்கு மீட்டர் ஆழத்தில்
அடுக்கு அறுந்து,
ஒரு முழம் இறங்கி,
மறுபுறம் ஒன்றும் நடவாததுபோல் தொடர்ந்தது.
அறுந்த இடத்தில் விரல் தடிமனுக்குக் கரி.
யார் வீட்டு அடுப்போ.

கரியின் வயது வந்தது:
எழுத்தரின் இலையுதிர் காலம்,
முன்பின் முப்பது ஆண்டுகள்.
"பொருந்துகிறது என்று எழுது,
நிரூபணம் என்று எழுதாதே."
எழுதியே விட்டிருப்பேன்.

சாம்பலை அழித்துச் சிவப்பு பூசினேன்.
பள்ளியைத் தென்கரைக்கு நகர்த்தலாம் என்கிறது
மாவட்ட அலுவலகம்.
அங்கே வெள்ளக் கணக்கு வேண்டுமாம்.
ஹான்சியூ மறுபடி
பூச்சி தின்ற ஓரங்களோடு உட்கார்ந்திருக்கிறாள்.

புதிய அட்டவணையில்
மாதம், நாள் கேட்கும் கட்டங்கள்.
தெரியாது, வெறுமையாக விடு என்றாள்.
விட்டேன்.
இறந்தவர் எத்தனை என்ற கட்டமும் வெறுமை.
அதற்கு மட்டும் அவள் நெடுநேரம் பேசவில்லை.
எட்டு ஊர்களின் வரியை
இரங்கித் தள்ளினார்களோ,
கட்ட ஆளில்லாமல் தள்ளினார்களோ.