காலுறை மடிப்பில்

துர்னோவில் பனி கொட்டும் ஞாயிறு.
இடுக்கியிலிருந்து துள்ளியது
இவெட்டாவின் ஊதா ஸ்பினல்,
மிளகை விடச் சிறிசு.

மோதிரத்தில் பதித்திருந்தால் விழுமா?
நான்கு நாள் பேசாத ராதெக்
இதற்கென்று வாய் திறந்தான்.
பதித்தால் அடிவயிற்றில் ஒளி நுழையாது,
கல் பாதி குருடு என்று
அவள் சொல்லவில்லை.
விளக்கை அணைத்தாள்.

டார்ச்சைத் தரையோடு கிடத்தி
ஆளுக்கொரு கன்னம் தரையில் ஒட்டப் படுத்தார்கள்.
ரொட்டித் துகளுக்கும்
முழ நீளம் நிழல்.

மின்னிய இடமெல்லாம் ஊர்ந்து போனான்:
சர்க்கரை.
மீன் செதில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு உரித்தது.
புதன்கிழமை உடைந்த கோப்பையின் சில்லு;
அதன்மேல் ஒளி கொஞ்சம் அதிகநேரம் நின்றது.

கடைசியில் பார்த்தால்
அவன் காலுறை மடிப்பில்
சவாரி செய்துகொண்டிருந்தது கல்.
அசையாதே என்றாள்,
இடுக்கியோடு குனிந்து.